கோழி அடை கிடந்த அடுப்பு

அப்பு,

நீ கிளம்பிப் போய் ஒரு வாரம் ஆகப்போகிறது. நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாய், அறை கிடைத்தது, குளிர் எலும்பைத் துளைக்கிறது என்று நீ போனில் சொன்னதை அப்பா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஒப்பித்துக்கொண்டிருக்கிறார். எரிந்துபோன பம்புசெட் மோட்டாரைச் செப்புக்கம்பிக் காயில் கட்டக் கொண்டுவருகிற சம்சாரிக்கு உன் ஊர்க் குளிரைப் பற்றி என்ன வந்தது? ஆனாலும் பொறுமையாகக் கேட்கிறார்கள். கேட்டால்தான் மோட்டார் சீக்கிரம் கைக்கு வரும் என்று தெரிந்துவைத்திருக்கிறார்கள். நான்தான் போனில் உன்னிடம் அதிகம் பேசவில்லை. பேச விஷயம் இல்லாமல் இல்லை. நான் ஒன்றை ஆரம்பித்தால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிச் சொல்லியே என்னைப் பாதி வழியில் இறக்கிவிடுவாய். கடிதத்தில் அது நடக்காது. வேண்டுமானால் மடித்து வைக்கலாம், மறுபடி பிரித்துத்தான் ஆகவேண்டும்.

நீ கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானச் சாப்பாட்டை நினைத்துப் பார். உன் சின்ன அத்தை உனக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, "ஏன் அப்பு, ஒனக்கு அங்க என்னதான் வேலை? வெளங்கறாப்புல சொல்லு" என்று கேட்டாள். நீயும் பொறுமையாகச் சொன்னாய். "ஒரு வைத்தியத்தைப் பல ஊர்ல செஞ்சு பாத்திருப்பாங்க அத்தை. ஒவ்வொருத்தரும் அதப்பத்திக் கட்டுரை எழுதியிருப்பாங்க. அம்புட்டையும் தேடி எடுத்து, ஒண்ணு விடாமப் படிச்சு, மொத்தத்துல அது பலன் குடுக்குதா இல்லையான்னு சொல்றதுதான் எங்க வேலை." அத்தை விடவில்லை. "அப்ப நீ யாருக்கும் ஊசி போட மாட்டியா?" என்றாள். நீ மாட்டேன் என்றாய். "டாக்டருக்குப் படிச்சுப்புட்டு, அடுத்தவன் எழுதுனதைப் படிக்கவா அம்புட்டுத் தூரம் போற?" என்று அவள் கேட்டதும் அப்பாவுக்குப் புரையேறிவிட்டது. எல்லாரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கின பிறகு நீ சொன்னதை மற்றவர்கள் கவனித்தார்களோ என்னவோ, நான் கவனித்தேன். உனக்கு அங்கே முதல் வேலையே அடுப்புப் புகையைப் பற்றியது என்றாய். புகை குறைந்த அடுப்பு கொடுத்தால் பெண்களுக்கு இருமலும் பிள்ளைகளுக்கு இளைப்பும் குறைகிறதா என்று பார்க்கவேண்டும், சில கட்டுரைகள் குறைகிறது என்கின்றன, சில கட்டுரைகள் ஒரு வித்தியாசமும் இல்லை என்கின்றன, ஏன் என்றுதான் புரியவில்லை என்றாய். நான் ரசப் பாத்திரமும் கையுமாக நின்றுகொண்டிருந்தேன். சொல்ல வாயெடுப்பதற்குள் அப்பா மோர் கேட்டார், அத்தை அப்பளம் கேட்டாள், நீ உன் பெட்டியின் எடையைப் பார்க்க எழுந்துபோய்விட்டாய். அன்றைக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் உன் கதை ஒன்று. பள்ளிக்கூடத்தில் சேர்த்த புதிதில் உனக்கு விடாமல் சளி. நம் தெரு முனை டாக்டர் ஒரு சிவப்பு மருந்து எழுதிக் கொடுத்தார். பாட்டில் காலியானது, சளி போகவில்லை. அவர் வேறு மருந்து எழுதினார். அதுவும் காலி, சளி அப்படியே. "இந்த டாக்டர் சரியில்ல" என்று அப்பா உன்னைத் தூக்கிக்கொண்டு இன்னொருவரிடம் போனார். அவர் முதலில் எழுதின அதே சிவப்பு மருந்தைத்தான் எழுதினார். அப்போதுதான் வாசலில் நான் ஆசையாக வளர்த்த குரோட்டன்ஸ் தொட்டியில் எறும்பு சாரி சாரியாக ஏறுவதைப் பார்த்தேன். மருந்தை வாயில் வாங்கிக்கொண்டு, "தண்ணி குடிக்கப் போறேன்" என்று வாசலுக்கு ஓடி, தொட்டியில் துப்பிவிட்டு வருவாயாம். செடி மட்டும் சளியில்லாமல் செழிப்பாக இருந்தது. மருந்தும் சரியானதுதான், டாக்டரும் சரியானவர்தான். மருந்துதான் உன் வயிற்றுக்குப் போய்ச் சேரவில்லை. பல் தெரியச் சிரிக்காதே, விஷயத்துக்கு வருகிறேன்.

நான் அடுப்பு வேலைக்குப் போன காலம் உனக்கு நினைவிருக்கும். தொண்ணூறுகளின் நடுவில், நீ பெரிய பள்ளிக்கூடத்துக்கு மாறியிருந்தாய். திண்டுக்கல்லில் ஒரு தொண்டு நிறுவனம், ஊர் ஊராகப் புகையில்லா அடுப்பு போட்டுக் கொடுத்தது. மண்ணும் செங்கல்லும் வைத்துக் கட்டுகிற அடுப்பு. விறகு வைக்க ஒரு வாய், மேலே ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பானை வைக்க இரண்டு குழி, பின்னால் கூரையைத் துளைத்துக்கொண்டு போகிற புகைக்குழாய். கொத்தனார் கட்டிக் கொடுத்துவிட்டுப் போவார். அதை எப்படி எரிப்பது, குழாயில் படிகிற கரியை எப்படித் தட்டுவது என்று பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பது எங்கள் வேலை. எங்கள் என்றால் நானும் புஷ்பமும். நீ புஷ்பம் பெரியம்மா என்று கூப்பிடுவாயே, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவர் பாடினால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும், அவரேதான். கன்னிவாடிப் பக்கம் மலையடியில் ஒரு ஊர் புஷ்பத்தின் பொறுப்பு. தாடிக்கொம்பு தாண்டிப் பூ விவசாயம் பண்ணுகிற ஒரு ஊர் என் பொறுப்பு. இரண்டு ஊரிலும் ஒரே அடுப்பு, ஒரே கொத்தனார், வாயும் குழியும் அளவு பிசகாமல் வர ஒரே அச்சு. இந்த இரண்டு ஊரில் பலன் தெரிந்தால் மற்ற ஊர்களுக்கும் கொடுப்பது, இல்லையென்றால் இத்தோடு நிறுத்துவது என்று பேச்சு.

பலன் தெரிகிறதா என்று பார்க்க மதுரையிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். அப்போது அவருக்கு உன் இப்போதைய வயதுதான் இருக்கும். கதர்ச் சேலை, தோளில் ஒரு ஜோல்னாப் பை, வெயிலுக்குப் பயப்படாத ஆள். வீடு வீடாகப் போய், இருமல் உண்டா, கண் எரிகிறதா, பிள்ளைக்கு மூச்சு இழுக்கிறதா, அடுப்பு பயன்படுகிறதா என்று கேட்பார். பூ ஊரில் நான்தான் கூடப் போனேன். பாண்டியம்மா என்று ஒருத்தி. மாமனார், கொழுந்தன்மார் என்று பெரிய குடும்பத்துக்கு வடித்துக்கொட்டுகிறவள். இடுப்பில் எப்போதும் ஒரு கைக்குழந்தை. அந்தக் குழந்தைக்கு வாரத்தில் பாதி நாள் இளைப்பு. நெஞ்சுக்குள் விசில் ஊதுகிற மாதிரி சத்தம் வரும், கேட்கிற நமக்கே மூச்சு முட்டும். "அடுப்பு பயன்படுதாம்மா?" என்று டாக்டர் கேட்டார். "நல்லாப் பயன்படுதுங்க. தெனமும் பயன்படுது" என்றாள் பாண்டியம்மா, தரையைப் பார்த்துக்கொண்டே. "குழந்தைக்கு இளைப்பு குறைஞ்சிருக்கா?" "இல்லைங்க, அது அப்பிடியேதான் இருக்கு." ஊர் முழுக்க இதே மாதிரி இரண்டு பதில்கள். மலையடி ஊரிலோ நேர்மாறு. கண் எரிச்சல் போச்சு, இருமல் குறைஞ்சிருச்சு என்று பெண்கள் தாங்களாகவே முன்வந்து சொன்னார்களாம்.

எங்கள் செயலாளர் நல்ல மனிதர். ஆனால் ஒரு காரியத்தைச் செய்வதா விடுவதா என்று யாராவது சொன்னால்தான் அவருக்குத் தூக்கம் வரும். "ஒரு ஊர்ல உண்டு, ஒரு ஊர்ல இல்ல. கூட்டிக் கழிச்சா ஒண்ணும் இல்லைன்னுதான அர்த்தம்? நிறுத்திருவோம்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலையை நிமிர்த்தாமல், "மோட்டார் ஓடலைன்னு தூக்கிட்டு வாரான்ல, நான் மொதல்ல என்ன கேப்பேன்? கரண்ட் இருந்துச்சாய்யான்னுதான் கேப்பேன். பாதிப் பேரு முழிப்பான்" என்றார். எனக்கு அது அப்போது ஆறுதலாகக்கூட இல்லை. மோட்டாரும் அடுப்பும் ஒன்றா என்று கோபம்தான் வந்தது.

ஆனால் டாக்டரம்மாவுக்கும் அதே உறுத்தல் இருந்திருக்கிறது. மறுநாள் அவரே என்னைத் தேடி வந்தார். "ஒரே அடுப்பு, ரெண்டு முடிவு. எனக்கு இதை இப்படியே எழுத மனசு வரல. நாம எப்பவும் எத்தனை மணிக்கு அந்த ஊருக்குப் போறோம்?" என்று கேட்டார். பேருந்து எப்போதோ அப்போதுதான், பதினோரு மணி வாக்கில் என்றேன். "அந்த நேரத்துல அங்க யாராவது சமைச்சுப் பாத்திருக்கீங்களா?" என்றார். நான் யோசித்தேன். போகிற போதெல்லாம் அடுப்படி பெருக்கி மெழுகிச் சுத்தமாக இருக்கும். அடுப்பு புதுசு போல இருக்கும். நல்ல ஊர், சுத்தமான பெண்கள் என்று நினைத்து நான் சந்தோஷமாகத் திரும்பி வருவேன். "அவங்க சோறாக்குற நேரத்துக்குப் போவோம். ராத்திரி அங்கேயே தங்கிக்கலாம்" என்றார் டாக்டர். அன்றைக்கு நீயும் அப்பாவும் கருகின உப்புமாவைத் தின்றுவிட்டு, மறுநாள் என்னிடம் அதைப் பற்றி மூச்சே விடாமல் இருந்தீர்களே, அந்த நாள்தான். சட்டியைப் பார்த்து நான் கண்டுபிடித்தேன்.

மல்லிகை ஊரின் நேரமே வேறு. கருக்கலிலேயே பூப்பறிக்கப் போய்விடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்பினால்தான் விலை. காலையில் பழைய சோறு, பொழுது சாய்ந்துதான் உலை. நாங்கள் போய் இறங்கினபோது மணி ஐந்து இருக்கும். ஊருக்குமேல் நீல நிறத்தில் புகை ஒரு போர்வை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் நாங்கள் கூரைக்கு மேலே நிறுத்தியிருந்த புகைக்குழாய் ஒன்றிலாவது புகை வரவேண்டுமே! டாக்டர் தலையைத் தூக்கிக் குழாய்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தாடிக்கொம்புக் கோபுரம் தெரிகிறதா என்று பார்க்கிற மாதிரி வேறு பக்கம் பார்த்தேன்.

பாண்டியம்மா வீட்டுப் பின்பக்கச் சாய்ப்பில், மூன்று கல்லைக் கூட்டி, தென்னைமட்டையை முழுசு முழுசாகச் செருகி எரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெரிய பானை, அந்தப் புகை, இடுப்பில் அந்தக் குழந்தை. எங்களைப் பார்த்ததும் எழுந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்நேரத்துல வாரீங்க, ஒரு சொல்லு சொல்லப்படாதா? தொட்டுக்கிட வெஞ்சனம்கூட ஒண்ணும் வைக்கலையே" என்று பதறினாள். டாக்டர் அதைக் காதில் வாங்காமல் நேரே உள்ளே போனார். எங்கள் அடுப்பு மூலையில் மெழுகி, கோலம் போட்டு, முறத்தால் மூடி வைக்கப்பட்டிருந்தது. டாக்டர் குனிந்து முறத்தைத் தூக்கினார். அடுத்த நொடி, "ஐயோ!" என்று கையை உதறிக்கொண்டு பின்னால் துள்ளினார். முதல் குழிக்குள் வைக்கோல் மெத்தைபோட்டு ஒரு கோழி அடை கிடந்தது. அடைக்கோழியின் கோபம் உனக்குத் தெரியாது. டாக்டரின் விரலைக் கொத்திவிட்டு, எங்கள் மூவரையும் ஒரு முறை முறைத்துவிட்டு, இறகைச் சிலுப்பி மறுபடி உட்கார்ந்துகொண்டது. "தெனமும் பயன்படுதுன்னு சொன்னீங்களேம்மா" என்றார் டாக்டர், விரலை ஊதிக்கொண்டே. "பயன்படலையா பின்ன?" என்றாள் பாண்டியம்மா. "பூனை வராது, கீரி வராது, பொரிச்ச குஞ்சு ஒண்ணு வீணாப் போனதில்ல." டாக்டர் சிரிக்க ஆரம்பித்தார். அடக்கவே முடியவில்லை. அவர் சிரித்ததைப் பார்த்துப் பாண்டியம்மாவும் சிரித்தாள், எனக்கு வந்ததே, அது சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

அப்புறம்தான் விஷயம் பேச்சோடு பேச்சாக வெளியே வந்தது. சாணி மெழுகின தரையில் உட்கார்ந்து, அக்கம்பக்கத்துப் பெண்களும் வந்து சேர்ந்துகொள்ள, டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார், அதுவும் சிரித்த முகத்தோடு: "ஏன் எரிக்கல?" எங்கள் ஊரில் விறகென்றால் தென்னைமட்டைதான் என்றார்கள். அடுப்பின் வாயோ ஒல்லி விறகுக்கென்று அளவெடுத்துக் கட்டினது. மட்டையைப் பிளந்து பிளந்து வைக்க, பூப்பறித்துக் களைத்து வந்தவளுக்குக் கையில் தெம்பில்லை. பின் குழியில் சூடு போதாது, பெரிய பானை வேகாது. ஒருத்தி அடுப்பு வந்த அன்றைக்கு அதிகாரிகள் மாலை போட்டுச் சூடம் காட்டினதைப் பார்த்து, அதைச் சாமி அடுப்பாக்கி, பொங்கலுக்கு மட்டும் ஏற்றுகிறாள். இன்னொருத்தி தினமும் அதில்தான் சமைக்கிறாள், ஆனால் மழைத்தண்ணீர் இறங்குகிறதென்று குழாய் வாயைச் சிரட்டையால் அடைத்துவிட்டாள். புகை வந்த வழியே திரும்பி அவள் முகத்துக்கே வருகிறது. "மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல பாண்டியம்மா?" என்று நான் கேட்டேன். "நீங்க அம்புட்டு தூரம் பஸ் ஏறி வந்து, அம்புட்டு ஆசையாச் சொல்லிக்குடுக்குறீங்க. ஒங்க மூஞ்சியப் பாத்து இது ஆகாதுன்னு எப்பிடிச் சொல்றது?" என்றாள். அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அன்றைக்கு அவள் போட்ட சோறும் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும் இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது. காலையில் பூ வண்டியில், மல்லிகை மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து திண்டுக்கல் திரும்பினோம். டாக்டர் மதுரைக்குப் போகிற பேருந்தில் ஏறும்போதும் மணக்க மணக்கத்தான் ஏறினார்.

இதோடு முடிந்திருந்தால் நான் இத்தனை பக்கம் எழுதமாட்டேன். டாக்டர் அடுத்த வாரமே மறுபடி வந்தார். "பலன் தெரிஞ்ச ஊருக்கும் சோறாக்குற நேரத்துக்குப் போகணும்" என்றார். எனக்கு ஆச்சரியம். அங்கேதான் எல்லாம் நன்றாக இருக்கிறதே! "நல்லா இருக்குன்னா எதனால நல்லா இருக்குன்னு தெரியணும்ல?" என்றார். போனோம். மலையடி ஊரில் சுள்ளிக்குப் பஞ்சமில்லை, அடுப்பின் வாய்க்கு அது சரியாகப் பொருந்தியிருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய சமாசாரம், புஷ்பம் செய்து வைத்திருந்த வேலை. வாரம் தவறாமல் வந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டே வீட்டுக்கு வீடு குழாயைத் தட்டிக் கரியை இறக்கியிருக்கிறார். சொல்லிக்கொடுப்பதுதான் எங்கள் வேலை, அவரே போய்த் தட்டவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அதுமட்டுமா, அந்த ஊர்ப் பெண்கள் எங்கள் சட்டத்தையும் மீறியிருந்தார்கள். அடுப்பைச் சுவரோடு ஒட்டிக் கட்டவேண்டும் என்பது அச்சோடு கொடுத்த விதி. அவர்கள் கொத்தனாரை மிரட்டி, அடுப்பை வாசல் பக்கம் தள்ளி, எதிரே சுவரில் ஒரு ஓட்டையும் போட வைத்திருந்தார்கள். "காத்து வேணும்ல புள்ள, மூடின எடத்துல மனுசி எப்பிடி ஆக்குவா?" என்றாள் ஒருத்தி. ஆக அங்கே பலன் கொடுத்தது எங்கள் அடுப்பா, அந்தச் சன்னலா, புஷ்பத்தின் கையா? டாக்டர் அடுப்பங்கரை வாசலில் நின்று வெகுநேரம் அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியல. ஆனா தெரியலைன்னு இப்பத் தெரியுது" என்று சொல்லிச் சிரித்தார்.

செயலாளர் கூட்டத்தைக் கூட்டினார். அலுவலகத்து மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. "முடிவா என்ன சொல்றீங்க டாக்டர்? பூ ஊர்ல அடுப்பு பலன் தரல, அப்பிடித்தான?" என்றார். "அப்படிச் சொல்ல முடியாது சார். அங்க அடுப்பு எரியவே இல்ல" என்றார் டாக்டர். "அப்ப பலன் தருதுன்னு எழுதிருவீங்களா?" "அதையும் எழுத மாட்டேன்." செயலாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. மேலே பதில் சொல்ல வேண்டியவர் அவர். அப்போது புஷ்பம் எழுந்து, "சார், பூ ஊர்க்காரங்களுக்குத் தக்கன ஒரு தடவை கட்டிப் பாப்போம். அப்பவும் கோழிதான் ஒக்காருதுன்னா நிறுத்திருங்க" என்றார். கூட்டமே சிரித்தது, சிரிப்போடு சிரிப்பாகச் செயலாளரும் தலையாட்டிவிட்டார்.

இந்தத் தடவை அச்சைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, பாண்டியம்மா வீட்டில் உட்கார்ந்துதான் அடுப்பையே யோசித்தோம். மட்டை நுழைகிற மாதிரி வாயை அகலமாக்கினோம், பெரிய பானைக்கு முன் குழி, குழாய்க்கு மேலே மழைக்குத் தகர மூடி, சுவரில் சன்னல். கரி தட்டுவதைப் பெண்களே முறை வைத்துக்கொண்டார்கள். எல்லா வீட்டிலும் எரிந்தது என்று சொல்லமாட்டேன். சாமி அடுப்பு சாமி அடுப்பாகவேதான் இருந்தது. ஆனால் அடுத்த மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் நான் போய் இறங்கினபோது, ஊர்க் கூரைகளுக்கு மேலே குழாய் குழாயாகப் புகை நேராக எழும்பியது. எந்தத் தேரோட்டத்தையும் நான் அந்தக் காட்சிக்கு ஈடாகச் சொல்லமாட்டேன். பாண்டியம்மாவின் குழந்தைக்கு இளைப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. அடுப்பாலா, அடுப்படியை விட்டு ஓடி விளையாடுகிற வயது வந்ததாலா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பாண்டியம்மாவிடம் கேட்டால் அடுப்பு என்பாள், அவள் மாமனாரைக் கேட்டால் குலதெய்வம் என்பார். திட்டம் இன்னும் சில ஊர்களுக்குப் போனது, எல்லா ஊருக்கும் போகவில்லை. அதுவே எங்களுக்குப் பெரிய வெற்றிதான்.

இப்போது உன் மேசைக்கு வருகிறேன். டாக்டரம்மா பிறகு இதை ஒரு கட்டுரையாக எழுதினார். அச்சானதும் எங்களுக்கு ஒரு பிரதி அனுப்பி, கூடவே ஒரு வரி எழுதியிருந்தார்: இடம் போதாதென்று சுருக்கச் சொல்லிவிட்டார்கள், கோழியை எடுத்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். படித்துப் பார்த்தேன். கோழி மட்டுமா, புஷ்பத்தின் பாட்டும் இல்லை, சன்னலும் இல்லை. இத்தனை வீட்டுக்கு அடுப்பு வழங்கப்பட்டது, பயன்பாடு ஊருக்கு ஊர் வேறுபட்டது, அவ்வளவுதான். இப்போது நீ உன் குளிர் அறையில் உட்கார்ந்து படிக்கிற கட்டுரைகள் ஒவ்வொன்றிலும் "வழங்கப்பட்டது" என்று ஒரு சொல் இருக்குமே, அங்கே செத்த நேரம் நின்று போ. கொடுத்தார்கள், சரி. எரித்தார்களா? எதை வைத்து எரித்தார்கள்? யார் வந்து கரி தட்டினார்கள்? கட்டுரையில் இல்லையென்றால் எழுதினவர்களுக்குக் கடிதம் போட்டுக் கேள். அவர்களுக்கும் சொல்ல ஆசை இருக்கும், இடம்தான் கிடைத்திருக்காது. எரியாத அடுப்பையும் எரிந்த அடுப்பையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டி, சராசரியாக இவ்வளவு வெந்தது என்று சொல்லிவிடாதே. அதே நேரத்தில், திட்டம் போட்டபடி அச்சுப் பிசகாமல் செய்த ஊர்தான் ஒழுங்கான ஊர் என்றும் நினைத்துவிடாதே. மலையடிக்காரிகள் விதியை மீறினதால்தான் அவர்கள் வீட்டுக்குள் காற்று வந்தது. எதை மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்று கேட்டால் சில சமயம் அந்த மாற்றம்தான் மருந்தாக இருக்கும். உனக்கு இதெல்லாம் தெரிந்திருக்கலாம், உங்களிடம் இதற்குப் பெரிய பெரிய பெயர்கள்கூட இருக்கலாம். எனக்குப் பெயர் தெரியாது, முகங்கள் தெரியும். அதனால்தான் முகங்களோடு எழுதினேன்.

நீ போன மூன்றாம் நாள் வீடு வெறிச்சென்று இருந்தது. அப்பாவிடம் சொல்லிவிட்டு, பேருந்து ஏறிப் பாண்டியம்மாவைப் பார்க்கப் போனேன், பல வருஷம் கழித்து. முடி நரைத்திருக்கிறது, குரல் அப்படியே. இளைப்போடு இடுப்பில் இருந்த பெண் இப்போது நர்சிங் படிக்கிறாளாம், லீவுக்கு வந்தவள் என்னை "வாங்க அத்தை" என்று கூப்பிட்டாள். கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் அரசு கொடுத்த கேஸ் அடுப்பு, பூப்போட்ட துணி போர்த்தி வைக்கப்பட்டிருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை, பார்த்தேன், அவ்வளவுதான். "டீத்தண்ணிக்கும் விருந்தாளுக்கும் அதுதான். சோறு வெறகுலதான் ருசி" என்று அவளே சொல்லிவிட்டு, எனக்கு கேஸில் டீ போட்டாள். உன்னைப் பற்றிக் கேட்டாள். அத்தைக்கு நீ சொன்னதையே சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அம்புட்டு ஊருக் கதையையும் ஒக்காந்து படிச்சு, கடைசியில ஆமா இல்லைன்னு ஒரு சொல்லா சொல்லணும்? பாவம்க்கா ஒங்க மகன். வந்தான்னா கூட்டிட்டு வாங்க, வயிறாரச் சோறு போடுறேன்" என்றாள். கிளம்பும்போது ஒரு கட்டு முருங்கைக்காயைத் தலையில் வைக்காத குறையாகக் கொடுத்தாள்.

அதைத்தான் நேற்றைக்குச் சாம்பார் வைத்தேன். கேஸில்தான் ஏற்றினேன். பாதியில் கேஸ் தீர்ந்துவிட்டது, அடுத்த சிலிண்டர் வந்தபாடில்லை. அப்பா கொல்லையில் கல்லைக் கூட்டி, கடையில் கிடந்த, எப்போதோ மோட்டார் வந்த பழைய மரப்பெட்டியை உடைத்துப் போட்டு, இருமி இருமி மிச்சத்தை வேகவைத்தார். சாம்பார் அருமையாக இருந்தது. நம் வீட்டை எந்தக் கணக்கில் எழுதுவாய் என்று யோசித்துப் பதில் போடு.

உன் அம்மா